துலக்குமருந்தும் சொல்லாமையும்

(வத்திராயிருப்பில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

தமிழாசிரியனாகிய யான் இன்று இலக்கியப் பொருளொன்றை எடுத்து விரிப்பேன் எனக் கருதி வந்த அன்பர்கள், மருத்துவமனைப் பொருள் ஒன்று தலைப்பாக அமைந்தது கண்டு சற்றே வியப்புறுதல் கூடும். யான் மருத்துவம் பயின்றவனல்லேன். ஆயினும், சதுரகிரியின் அடிவாரத்தில் வாழும் நம்மவருள், ஸ்கேன் எடுத்தற்பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ மதுரைக்கோ சென்று வந்தவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இந்நாளில் அரிது. அங்ஙனம் சென்று மீள்வோர், ஆங்கு இரத்தக்குழாயில் ஏற்றப்படும் ஒரு மருந்தைப் பற்றிப் பேசும் பேச்சை யான் சில காலமாகக் கூர்ந்து கேட்டு வருகின்றேன். "அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்தாம்" என்று அஞ்சி, மருத்துவர் இன்றியமையாதது என்று எழுதிக் கொடுத்த சோதனையையே மறுத்து வீடு திரும்புவோர் ஒரு சாரார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று தலையசைத்துவிட்டுக் கையை நீட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தமக்குத் தாமே இடர் தேடுவோராவர். சொல்ல வேண்டுவதை முன்னே சொல்லி, எழுத வேண்டுவதைப் பின்னே எழுதி வாங்கிக்கொள்வோமாயின், இம்மருந்தினால் வரும் இடுக்கண் பெரிதும் குறையும் என்பதே யான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

முதற்கண் இம்மருந்து யாது என்பதை நோக்குவோம். நம் பாட்டனார் காலத்து ஏட்டுச் சுவடிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறிய அளவில் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஓலையும் எழுத்தும் ஒரே நிறமாக இருத்தலின், படிப்பவன் கண் தடுமாறும். அதன்மேல் விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் கூட்டித் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி எழுத்துத் துலங்கும். இதனை மையாடல் என்பர். உடம்பின் நிலையும் இத்தகையதே. எக்ஸ் கதிர்களை எலும்பு தடுக்கும். ஆகவே எலும்பு படத்தில் வெண்மையாகத் தெளிவுறத் தோன்றும். குடலும், ஈரலும், இரத்தக்குழாயும், தசையும் ஏறத்தாழ ஒரே தன்மையாகக் கதிரை விடுதலின், ஒன்றினின்று ஒன்று பிரிந்து தோன்றா. கதிரைத் தடுக்கவல்ல கனத்த அணுக்களைக் கொண்ட ஒரு பொருளை அவற்றுள் செலுத்தினால், அப்பொருள் சென்ற இடமெல்லாம் மையாடிய எழுத்துப்போல விளங்கித் தோன்றும். மருத்துவமனைகளில் இதனைக் கான்ட்ராஸ்ட் என்பர். பொதுமக்கள் டை என்பர். டை என்பது சாயத்தைக் குறிக்கும் சொல். இதுவோ பெரும்பாலும் நிறமற்றது. எதற்கும் சாயம் ஏற்றுவதுமன்று. ஆதலின் யான் இதனைத் துலக்குமருந்து என்று வழங்குவேன்.

துலக்குமருந்து பொதுவாக மூவகைப்படும். குடலைப் படம் பிடித்தற்கு வாய்வழியாக அருந்தக் கொடுக்கும் பேரியம் சல்பேட்டு ஒன்று. சி.டி. ஸ்கேனுக்கும் இதய ஆஞ்சியோகிராமுக்கும் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் அயோடின் சேர்ந்த மருந்து இரண்டாவது. காந்தப்புலத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சோதனையிற் பயன்படும் காடோலினியம் மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு குடும்பத்தின; ஒன்றினால் ஒவ்வாமை வந்தவர்க்கு மற்றொன்றும் ஒவ்வாது என்று கொள்ளுதல் தவறு. நம் மக்கள் மிகுதியும் எதிர்ப்படுவது அயோடின் மருந்தே ஆகலின், அதனைப் பற்றியே ஈண்டு மிகுதியும் பேசுவேன்.

இம்மருந்தின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. செருமானிய அறிஞர் ரான்ட்ஜன் 1895 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 சனவரியிலேயே வியன்னா நகரத்தார் இருவர், துண்டிக்கப்பட்ட ஒரு கையின் குழாய்களில் சுண்ணமும் இரசக் கலவையும் மண்ணெண்ணெய் வகையும் சேர்ந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். இரத்தக்குழாய்கள் மரக்கிளைபோல் விரிந்து தோன்றின. ஆனால் உயிருள்ள கையில் அக்குழம்பைச் செலுத்த இயலுமோ? துலக்கவும் வேண்டும், கொல்லாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் பொருளைத் தேடுவதே அதன்பின் வந்த அறிஞர்களின் பெருமுயற்சியாயிற்று. 1929 இல் மோசசு சுவிக் என்னும் இளமருத்துவர், செருமனியில் ஆக்கப்பட்டிருந்த அயோடின் சேர்ந்த மருந்தொன்றைக் கொண்டு சிறுநீர்ப்பாதையைத் துலங்கக் காட்டினார். நம் மாநிலத்திலும் 1934 ஆம் ஆண்டில், சென்னைப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டு அவர்களின் பெயரால் கதிரியல் நிலையம் திறக்கப்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு கொடுமையான வரலாற்றையும் கூறுதல் வேண்டும். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோரோட்ராஸ்ட் என்னும் துலக்குமருந்து உலகெங்கும் பரவியது. அது தோரியம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருள். நம் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலே கலந்திருக்கும் அதே தோரியந்தான். அம்மருந்தைச் செலுத்துங்கால் நோயாளிக்கு எரிச்சலில்லை, வாந்தியில்லை, தடிப்பில்லை. படமோ மிகத் தெளிவாக அமைந்தது. மருத்துவரும் மகிழ்ந்தனர், நோயாளியும் மகிழ்ந்தனர். ஆயின், உட்சென்ற தோரியம் வெளிவரவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, ஆண்டுதோறும் தன் கதிர்வீச்சால் அவ்வுறுப்புகளை அரித்துக்கொண்டே இருந்தது. இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுட் பலர்க்கு ஈரலிற் புற்று வந்தது. இவ்வளவு நீண்ட காலம் கழித்து வந்த நோய்க்கு, என்றோ போட்ட ஊசி காரணம் என்று எங்ஙனம் அறிந்தனர்? இன்ன நாளில், இன்னார்க்கு, இன்ன மருந்து, இவ்வளவு செலுத்தப்பட்டது என்ற குறிப்புகள் மருத்துவமனைகளிற் காப்பாற்றப்பட்டிருந்தன. செருமனி, தென்மார்க்கு, போர்ச்சுகல், சப்பான் முதலிய நாடுகளில் அக்குறிப்புகளைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கி உண்மையை நிலைநாட்டினர். எழுதி வைத்த ஓர் ஏடு உலகத்தைக் காத்தது. அன்பர்காள்! மருந்தின் குணமும் குற்றமும் உள்ளே செல்லும் நேரத்தில் நாம் உணரும் சுகத்தைக்கொண்டு துணியப்படுவனவல்ல என்பதையும் இதனால் அறியலாம்.

இதற்கு மறுதலையாக, நோயாளியின் துன்பத்தைச் செவிமடுத்ததனால் விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. சுவீடன் நாட்டில் தோர்ஸ்டன் அல்மேன் என்னும் கதிரியல் மருத்துவர் இருந்தார். அக்காலத்து அயோடின் மருந்தைக் குழாயிற் செலுத்தும்போதெல்லாம் நோயாளிகள் தீப்பட்டாற்போல் துடித்தனர். பிறர் அதனை இயல்பென்று விடுத்தனர், அவர் விடவில்லை. உப்பு மிகுந்த கடலில் நீந்துகையில் கண் எரிவதையும், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் அவ்வெரிச்சல் இல்லாமையையும் அவர் கருதிப் பார்த்தார். அம்மருந்து கரையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்து, கரைசலின் செறிவை இரத்தத்தின் செறிவைவிட ஐந்து மடங்கிற்கும் மேலாக உயர்த்துவதே எரிச்சலுக்குக் காரணம் என்று துணிந்தார். பிரியாத மூலக்கூற்றை அமைத்தல் வேண்டும் என்ற தம் கருத்தை 1969 இல் வெளியிட்டார். அதன் வழியே வந்தவைதாம் இன்று பெருவழக்கில் உள்ள அயோஹெக்சால், அயோபமிடால் போன்ற மருந்துகள்.

இப்புதிய மருந்துகளின் சிறப்பு வெறும் சொல்லளவில் நிற்பதன்று. சப்பான் நாட்டில் கதயாமா முதலியோர் 3,37,647 பேரின் சோதனைகளைத் தொகுத்து 1990 இல் வெளியிட்டனர். பழைய மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 12.66 பேர்க்கு ஏதேனும் ஒரு தொல்லை வந்தது. புதிய மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 3.13 பேர்க்கே வந்தது. கடுமையான தொல்லையோ, பழையதில் பதினாயிரவருள் 22 பேர்க்கும் புதியதில் 4 பேர்க்கும் வந்தது. அஞ்சி மறுப்போர் இக்கணக்கைச் சிந்தித்தல் வேண்டும். பதினாயிரவருள் 9,996 பேர் கடுந்தொல்லை ஏதுமின்றி வீடு திரும்பினர். அந்நால்வருள் ஒருவர் நம் வீட்டவராகவும் இருக்கலாம் அன்றோ என்று கேட்பீராயின், அது நேரிய வினாவே. அந்நால்வரைக் காத்தல் எங்ஙனம் என்பதற்கே இனி வருகின்றேன்.

ஊசியின்பின் உடம்பில் நிகழ்வனவற்றுள் அஞ்சத்தகாதவை இவை: உடம்பெங்கும் திடீரெனச் சூடு பரவுதல், வாயில் இரும்புச் சுவை தோன்றுதல், சிறுநீர் பிரிந்துவிட்டாற்போன்ற உணர்வு. இவை மருந்தின் இயல்பு. சில நிமிடங்களில் தாமே தணியும். "எனக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் கொதித்தது" என்று இதனையே ஒவ்வாமையாகக் கூறித் திரிவோர் பலர். ஒவ்வாமையின் குறிகள் வேறு. தோல் தடித்து அரித்தல், கண்ணிமையும் உதடும் வீங்குதல், அடுக்கடுக்காகத் தும்மல், தொண்டை அடைத்துக் குரல் கம்முதல், மூச்சு இழுத்தல், தலைசுற்றி இரத்த அழுத்தம் வீழ்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே வாய்திறந்து கூறுதல் வேண்டும். கடுமையாக வருவன பெரும்பாலும் முதல் 20 நிமிடங்களுக்குள் வந்துவிடும். அவற்றுக்கு உயிர்மருந்து அட்ரினலின். தொடையின் புறத்தசையில் அதனைக் காலந்தாழ்த்தாது ஏற்றினால் மூச்சும் நாடியும் மீளும். ஊசி ஏறும் இடத்தில் வலியோ வீக்கமோ கண்டாலும் பொறுத்துக்கொள்ளுதல் கூடாது. மருந்து குழாயை விட்டுத் தசைக்குள் கசிகின்றது என்பதற்கு அஃது அடையாளமாகலாம்.

ஆகவே, ஊசி போட்டபின் அரைமணி நேரமேனும் மருத்துவமனையிலேயே அமர்ந்திருத்தல் கடமை. நம்மவரோ, மதுரையில் ஸ்கேன் முடிந்த மறுநிமிடமே கிருஷ்ணன்கோவில் வழியாக வரும் பேருந்தைப் பிடிக்க ஓடுகின்றனர். வழியிலே மூச்சடைத்தால் பேருந்தில் அட்ரினலின் ஏது? ஒரு பேருந்து போனால் மறு பேருந்து வரும். வீடு வந்து சேர்ந்தபின் ஒருவார காலத்துக்குள் தோலில் தடிப்பு எழுதலும் உண்டு. பெரும்பாலும் அஃது அச்சந்தருவதன்று. ஆயினும் மருத்துவரிடம் காட்டுதல் நலம். மூச்சுத்திணறல் இருப்பின் 108 ஐ அழைத்தலில் தயக்கம் கூடாது.

இனி யாவர்க்கு இவ்விடர் மிகுதி என்பதை அறிதல் வேண்டும். முன்னொருகால் இத்தகைய மருந்தினாலேயே ஒவ்வாமை உற்றவர் முதல்வர். ஆஸ்துமா உடையவரும், பிற மருந்து அல்லது உணவினால் கடும் ஒவ்வாமை உற்றவரும் அடுத்தவர். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு ஒவ்வாமையன்றி வேறொரு இடரும் உண்டு. மருந்தை வெளியேற்றும் வாயில் அதுவே ஆகலின், மருந்து அதனை மேலும் தளர்த்தக்கூடும். நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரை உண்பவர் அதனைச் சொல்லுதல் வேண்டும். சிறுநீரகத்தின் வலிமையை நோக்கி, அம்மாத்திரையைச் சில நாள் நிறுத்துவதோ தொடர்வதோ மருத்துவர் முடிவு. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோயுடையவரும் அதனைத் தெரிவித்தல் வேண்டும்.

மக்களிடையே வழங்கும் தவறான எண்ணங்கள் சிலவற்றையும் களைதல் வேண்டும். "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, ஆகவே அயோடின் ஊசியும் ஆகாது" என்பர். இறாலும் நண்டும் ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அன்று. அயோடின் நம் தைராய்டு சுரப்பிக்கு இன்றியமையாத பொருள். நாள்தோறும் அயோடின் சேர்த்த உப்பில் அதனை உண்டே வாழ்கின்றோம். கடலுணவு ஒவ்வாதவர் பிற உணவு ஒவ்வாதவரைப் போன்றவரே. மற்றொன்று, "சிறிது மருந்தை முதலிற் செலுத்திச் சோதித்துப் பார்த்தால் போதும்" என்பது. அச்சோதனை ஒன்றும் தெரியாதவர்க்குத் தீங்கு வருதலும், தீங்கு வரும் என அஞ்சப்பட்டவர்க்கு ஒன்றும் வாராமையும் கண்ட அறிஞர்கள், அது நம்பத்தக்கதன்று என விடுத்தனர். தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் ஊசிக்குப்பின் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டுவதில்லை. செலுத்திய மருந்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே பாலிற் கலக்கும். அதிலும் மிகச் சிறு பகுதியே குழந்தையின் குடலில் ஏறும்.

அன்பர்காள்! சோதனைக்கு முன்னர் மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டிக் கேட்கும் கேள்விகள் இவற்றைப் பற்றியவையே. அக்கேள்விகளுக்கு நாம் விடையளிக்கும் முறைதான் எனக்குப் பெருங்கவலை தருகின்றது. என் சுற்றத்துப் பெண்ணொருத்திக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றேன். அவளுக்குச் சிறுவயது முதலே இழுப்பு உண்டு. திருமணம் பேசுங்கால் அதனை மறைத்தனர். "புகுந்த வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்காதே" என்று தாய் சொல்லியனுப்பினாள். மணமாகி நான்காண்டு கழிந்தபின், வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்க நேர்ந்தது. ஊசி போடுமுன் செவிலி வந்து, "ஆஸ்துமா, இழுப்பு ஏதேனும் உண்டா அம்மா?" என்று கேட்டார். அருகில் மாமியார் நின்றார். "அதெல்லாம் எங்க மருமகளுக்கு ஒன்றும் கிடையாது" என்று பெருமையோடு மாமியாரே விடை கூறினார். அப்பெண்ணும் தலைகுனிந்து நின்றாள். மருந்து ஏறிய ஐந்தாம் நிமிடத்தில் மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. ஆங்கிருந்த மருத்துவரும் செவிலியரும் விரைந்து அட்ரினலினும் உயிர்வளியும் கொடுத்துக் காத்தனர். உண்மை வெளிப்பட்டபின் அம்மாமியார் கூறிய சொல்லை யான் மறவேன்: "முதலிலேயே சொல்லியிருந்தால் நான் என்ன, கடித்தா தின்றிருப்பேன்?"

அவ்வம்மையாரின் சொல்லில் நம் அனைவர்க்கும் ஒரு கேள்வி அடங்கியுள்ளது. இச்சங்கத்தின் வாயிலாக ஆண்டுதோறும் எத்தனையோ திருமணங்கள் பேசி முடிக்கப்படுகின்றன. பொருத்தம் பார்க்கின்றோம், குலதெய்வம் கேட்கின்றோம், நகையைத் தராசில் நிறுக்கின்றோம். இழுப்பு உண்டென்றால் மட்டும் அப்பெண்ணைக் குறையுள்ளவளாகக் கருதி விலக்குகின்றோம். விலக்குவோர் இருத்தலின் மறைப்போர் உளராயினர். ஆஸ்துமா என்பது மருந்தால் அடக்கி இனிது வாழத்தக்க நோய். அதனை மறைக்கச் செய்யும் நம் வழக்கமே, அடக்கத்தக்க நோயை உயிர்க்கு உலைவைக்கும் இடராக மாற்றுகின்றது. இதனைத் தாய்மார் மட்டும் செய்கின்றனர் என்று ஆடவர் எண்ணவேண்டா. வேலை போய்விடும் என்று வலிப்பை மறைக்கும் இளைஞரும், மகன் செலவழிப்பானே என்று பழைய ஒவ்வாமையை மறைக்கும் முதியோரும் நம்மிடையே உளர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கின் கூட்டாக மருத்துவத்தை வகுத்துக் காட்டுகின்றது. நோயாளியை முதலில் வைத்தமை நோக்கத்தக்கது. நோயாளி வாய்திறவாவிடின் மற்றை மூன்றும் இருட்டில் அம்பெய்வனவே. நம் ஊர்ப் பரம்பரை வைத்தியர்கள் நாடியைப் பிடித்துக்கொண்டே, முந்தின நாள் உண்டது முதல் பாட்டன் பட்ட நோய் வரையில் கேட்டறிவர். பத்தியம் சொல்லாமல் மருந்து தாரார். அவரிடம் மறைக்காத நாம், வெள்ளுடை உடுத்தோரிடம் மட்டும் மறைப்பது ஏன்? உடனிருந்து உதவுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு நோயாளியே விடை சொல்லும்படி சற்று விலகி நிற்பது அக்கடமை.

முன்னே சொல்லுதல் இங்ஙனமாக, பின்னே எழுதி வாங்குதலைக் கூறுவேன். ஒருவர்க்கு ஒவ்வாமை வந்து தணிந்தபின், "இனி இந்த ஊசி வேண்டாம்" என்று மட்டும் சொல்லக் கேட்டுத் திரும்புகின்றனர். ஐந்தாண்டு கழித்து மறுபடியும் சோதனை வேண்டிவந்தால், "என்ன மருந்து?" என்ற கேள்விக்கு விடையில்லை. சிலர் "அயோடின் ஒவ்வாமை" என்று எழுதி வைத்திருப்பர். அதனால் பயன் சிறிது. அயோஹெக்சாலா, அயோப்ரோமைடா, அயோடிக்சனாலா என்று மருந்தின் பெயரும், அளவும், நாளும், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்பதும், எம்மருந்தால் தணிந்தது என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவை தெரிந்தால், அடுத்த முறை மருத்துவர் வேறு துலக்குமருந்தைத் தேர்ந்தெடுப்பார். வேண்டின் முன்கூட்டியே பிரட்னிசலோன் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து உடம்பைப் பண்படுத்துவார். அல்லது துலக்குமருந்தில்லாச் சோதனையை நாடுவார். தெரியாவிடின், தேவையான சோதனையே இல்லாமற்போகும்; அல்லது அதே மருந்து மறுபடியும் ஏறும்.

எழுதி அறிவித்தலால் ஒருவர் மட்டுமின்றி நாடே நலம் பெறும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். 1997 முதல் சிறுநீரக நோயாளர் சிலர்க்குத் தோல் மரம்போல் இறுகி மூட்டு மடங்காமற்போகும் புதுநோய் ஒன்று காணப்பட்டது. நோயாளரின் குறிப்புகளை ஒப்புநோக்கிய மருத்துவர்கள், எம்.ஆர்.ஐ. சோதனையில் இட்ட காடோலினிய மருந்தோடு அதற்குத் தொடர்புண்டு என்று 2006 இல் எடுத்துக்காட்டினர். அதன்பின் சிறுநீரகத்தைச் சோதித்து, உறுதியான அமைப்புடைய காடோலினிய மருந்துகளையே தேர்ந்திடவே, அந்நோய் அரிதாகிவிட்டது. மற்றொன்று பிரேசில் நாட்டில் 2003 இல் நிகழ்ந்தது. வாய்வழியே அருந்தும் பேரியம் சல்பேட்டு நீரில் கரையாதது. ஆதலின் குடலிற் புகுந்தவாறே வெளியேறும். அங்கே ஒரு நிறுவனத்தின் மருந்தில், எலிக்கொல்லியாகப் பயன்படும் பேரியம் கார்பனேட்டு கலந்துவிட்டது. அது வயிற்றின் அமிலத்திற் கரைந்து இரத்தத்தில் ஏற, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வோர் இடத்திலும் நேர்ந்ததைத் தனித்தனியே விதியென்று விட்டிருந்தால், அம்மருந்து இன்னும் எத்தனை உயிரைக் குடித்திருக்குமோ! அறிவித்தவர் இருந்தமையின் அது தடுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. மருந்துகளின் தீய விளைவுகளைத் தொகுக்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 இல் தொடங்கப்பெற்றது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதனை நடத்துகின்றது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதன் மையங்கள் அமைந்துள்ளன. மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியும் அவர் வீட்டாரும் நேரே அறிவிக்கலாம். அதற்கான தாள் தமிழிலும் உண்டு. 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. அறிவித்தல் யாரையும் குற்றஞ்சாட்டுதலாகாது. முறையாகச் செலுத்திய நல்ல மருந்தும் ஒருவர்க்கு ஒவ்வாமற்போகலாம். அதனைப் பதிவுசெய்தல் அடுத்தவரைக் காத்தல்.

இறுதியாகச் சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நம் வீடுகளில் நிலப்பத்திரத்தையும் ஜாதகத்தையும் பட்டுத்துணியிற் சுற்றிப் பெட்டியிற் பாதுகாக்கின்றோம். அவற்றோடு ஓர் ஏட்டைச் சேர்ப்போம். குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் உள்ள நோய், உண்ணும் மாத்திரை, ஒவ்வாத மருந்தின் பெயர், நேர்ந்த நாள் ஆகியவை அதில் எழுதப்படுக. சங்கம் அத்தாளை அச்சிட்டு, குடும்பத்துக்கு ஒன்றாக வழங்குமாயின், எழுத்தறியா முதியோர் வீடுகளுக்குச் சென்று எழுதிக்கொடுக்க என் பள்ளியின் மேல்வகுப்பு மாணவரை யான் அழைத்துவருவேன். திருமணம் பேசும் பெரியோர்களும், இழுப்பு உண்டென்று உண்மை கூறும் வீட்டைக் குறைவாக எண்ணாது, நாணயமான வீடு என்று மதிக்கும் வழக்கத்தைத் தாமே தொடங்கி வைக்கவேண்டுகின்றேன். பெரியோர் ஒருவர் தொடங்கினால் ஊர் பின்பற்றும்.

துலக்குமருந்து உடம்பின் மறைவை மருத்துவர்க்குத் துலக்கிக் காட்டும். நம் மனத்தின் மறைவை அது துலக்காது. அதனை நாமேதான் சொல்லுதல் வேண்டும்.